அத்தியாயம் 7: பழைய இரும்பு இழைப்புளி – பார்த்து வாங்குவது எப்படி

இந்த அத்தியாயம் பெரும்பாலும் ஒரே குடும்பத்தைப் பற்றியது: அமெரிக்காவின் ஸ்டான்லி கம்பெனி செய்த ‘பெய்லி’ வகை இரும்பு இழைப்புளிகள். லண்டனில் ஞாயிற்றுக்கிழமை கார் பூட் சந்தைக்குப் போனாலும், டொராண்டோவில் யாரோ வீட்டு வாசலில் பரப்பியிருக்கும் பழைய சாமான்களைக் கிளறினாலும், சென்னையில் உட்கார்ந்து இணைய ஏலத்தைத் துழாவினாலும், கண்ணில் படுவது பெரும்பாலும் ஸ்டான்லியாக இருக்கும். இல்லையென்றால் ஸ்டான்லியைப் பார்த்து வேறொருவர் செய்ததாக இருக்கும். இதைப் பார்க்கக் கண் பழகிவிட்டால் மற்றவை தானாகப் பிடிபடும்.

நம் ஆசாரிமார் பிடித்த மர இழைப்புளியில் அலகை ஆப்பு வைத்து இறுக்கி, சுத்தியலால் தட்டித் தட்டித்தான் ஏற்றி இறக்குவார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அப்போது அதே கதைதான். பாஸ்டனில் பட்டறை வைத்திருந்த லெனார்ட் பெய்லி அதை மாற்றினார். அலகுக்குப் பின்னால் ஒரு பித்தளைச் சக்கரம். அதைத் திருப்பினால் அலகு மயிரிழை மயிரிழையாக இறங்கும். ஆப்புக்குப் பதிலாக நெம்பி அழுத்தும் ஒரு மூடி. 1858இலும் 1867இலும் அவர் பெற்ற காப்புரிமைகளை, கனெக்டிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டன் நகரத்தில் இருந்த ஸ்டான்லி ரூல் அண்ட் லெவல் கம்பெனி 1869இல் விலைக்கு வாங்கியது. சில ஆண்டுகளில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. பெய்லி வெளியே வந்து ‘விக்டர்’ என்ற பெயரில் போட்டிச் சரக்கு செய்தார். அப்படிப் பிரிந்துபோனவரின் பெயரைத்தான் 1902 வாக்கில் ஸ்டான்லி தன் இரும்பிலேயே வார்த்துப் போடத் தொடங்கியது. வியாபாரத்தில் இதெல்லாம் சகஜம்.

இனி வரும் பெயர்களை ஒருமுறை பார்த்துவிடுவோம். வார்ப்பிரும்பு உடலில் மரத்தின்மேல் ஓடும் முகம் அடி. அலகு எட்டிப் பார்க்கும் பிளவு வாய். இரு பக்கமும் எழும்பி நிற்பவை கன்னங்கள். உடலின் நடுவில் 45 பாகை சாய்வில் உட்கார்ந்து அலகைத் தாங்கும் தனி வார்ப்புத் துண்டு ஃபிராக். அலகின் மேல் திருகிப் பூட்டிய, நுனி வளைந்த தகடு கேப் அயர்ன். இவற்றை அழுத்திப் பிடிப்பது லீவர் கேப். பின்னால் கைப்பிடி, முன்னால் குமிழ். அலகின் தலைக்குப் பின்னால் நீட்டிக்கொண்டு, இடமும் வலமும் தள்ளினால் அலகின் கோணலை எடுக்கிற கம்பி பக்க நெம்பு.

எந்த எண்ணை வாங்குவது?

ஸ்டான்லி தன் இழைப்புளிகளுக்கு 1 முதல் 8 வரை எண் கொடுத்தது. எண் கூடக் கூட நீளம் கூடும். 3ஆம் எண் 8 அங்குலம், அலகு 1¾ அங்குல அகலம். 4ஆம் எண் 9 அங்குலம், அலகு 2. 5ஆம் எண் 14 அங்குலம், அலகு அதே 2. அடுத்து 6, 7, 8 என்பவை 18, 22, 24 அங்குலம். முதல் இரண்டுக்கும் அலகு 2⅜, எட்டுக்கு 2⅝. இடையில் 4½, 5½ என்று அகலம் கூடிய இரண்டு உண்டு. எண்ணோடு ‘சி’ என்ற எழுத்து இருந்தால் அடியில் நீளவாக்கில் பள்ளக்கோடுகள் ஓடும். அந்தக் கோடுகளால் உராய்வு குறையும் என்று விளம்பரம் செய்தார்கள். மெழுகு தேய்த்த சாதாரண அடிக்கும் அதற்கும் என் கைக்கு வித்தியாசம் தெரிவதில்லை. அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

முதல் இழைப்புளிக்கு என் ஓட்டு 5ஆம் எண்ணுக்கு. அறுவை மில்லிலிருந்து வந்த பலகையின் முரட்டு முகத்தை எடுக்கவும், சுமாரான நீளமுள்ள விளிம்பை நேராக்கவும், அவசரத்துக்கு மெருகு வேலைக்கும் அது ஒன்றே போதும். ஏராளமாக விற்ற எண் என்பதால் இன்றும் மலிவு. அடுத்தது 4. இரண்டு பலகைகளை விளிம்போடு விளிம்பு ஒட்டும் வேலை நிறைய இருந்தால் 7 தேவைப்படும். ஆனால் அதன் விலை சட்டென்று ஏறும். 6ஆம் எண்ணை யாரும் சீந்துவதில்லை, மெருகுக்கு நீளம் அதிகம், விளிம்புக்கு நீளம் போதாது என்பார்கள். வீட்டு மேசை, அலமாரி அளவுக்கு அந்த 18 அங்குலம் தாராளமாகப் போதும் என்பது என் கட்சி. யாரும் சீந்தாததாலேயே சில சமயம் 5ஆம் எண்ணின் விலைக்கே கிடைக்கும்.

1ஆம் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்தரை அங்குலம்தான், உள்ளங்கையில் அடங்கிவிடும். சேகரிப்பவர்கள் அதற்குக் கொடுக்கும் விலைக்கு உங்கள் பட்டறைக்கு வேண்டிய மற்ற கருவிகளையெல்லாம் வாங்கிவிடலாம். புதிதாகச் செய்த நகல்களும் உலவுகின்றன. சந்தையில் மலிவாக ஒரு 1ஆம் எண் கண்ணில் பட்டால், விற்பவருக்கு அருமை தெரியவில்லை என்று நினைக்காதீர்கள்; அது நகல் என்று நினைத்துக்கொண்டு பாருங்கள்.

முதலில் வாய், பிறகுதான் வயசு

பழைய இழைப்புளி பற்றி எழுதுகிறவர்கள் ஆண்டு கண்டுபிடிப்பதில் ஆரம்பிப்பார்கள். நான் அதைப் பின்னால் வைத்திருக்கிறேன். 1912இல் செய்தது என்று தெரிந்து வாங்கிய இழைப்புளியின் வாயோரம் விரிசல் இருந்தால், உங்களிடம் இருப்பது 1912ஆம் ஆண்டு விரிசல் விட்ட இரும்பு, அவ்வளவுதான்.

சந்தைக்குப் போகும்போது ஆறு அங்குல எஃகு ஸ்கேல், சின்ன டார்ச், அகலவாய் ஸ்க்ரூடிரைவர், எண்ணெய் தொட்ட துணி நான்கும் பையில் இருக்கட்டும். விற்பவரைக் கேட்டுவிட்டுப் பிரியுங்கள். பிரிக்கக் கூடாது என்றால் வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நகருங்கள். லீவர் கேப்பின் நெம்பைத் தூக்கினால் மூடியும் அலகும் கையோடு வந்துவிடும், ஸ்க்ரூடிரைவர் தேவைப்படாது.

இப்போது உடலைத் திருப்பி வாயைப் பாருங்கள். விரிசல் வந்தால் பெரும்பாலும் வாயின் மூலைகளில் பிறந்து கன்னத்தை நோக்கி ஏறும். காரணம், உடலில் இரும்பு குறைவாக இருக்கும் இடம் அதுதான். மேசையிலிருந்து சிமென்ட் தரையில் விழுந்தால் வார்ப்பிரும்பு வளையாது, அங்கேதான் விடும். மூலையில் எண்ணெய்த் துணியால் ஒரு ஒத்து ஒத்தி, காய்ந்த பகுதியால் துடையுங்கள். விரிசல் இருந்தால் எண்ணெயைக் குடித்துக்கொண்டு கறுத்த கோடாக நிற்கும். கீறலாக இருந்தால் துடைத்தவுடன் போய்விடும். பிறகு கன்னங்களின் மேல்விளிம்பை விரலால் தடவிக்கொண்டே போங்கள். இரும்பின் சாம்பல் நிறத்துக்கு நடுவே மஞ்சள் ரேகை தெரிந்தால், உடைந்ததைப் பித்தளை உருக்கி ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டியது நன்றாக இருந்தால் வேலை செய்யும். ஆனால் ஒட்டிய பொருளின் விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

இன்னொரு சோதனை உண்டு. ஃபிராக், குமிழ், கைப்பிடி எல்லாம் கழன்ற வெற்று உடல் கிடைத்தால், ஒரு விரலில் தொங்கவிட்டு, பானை வாங்குகிறவர் தட்டிப் பார்ப்பதுபோல ஸ்க்ரூடிரைவர் பிடியால் ஒரு தட்டு தட்டுங்கள். முழு வார்ப்பு கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது சத்தமே இல்லாமல் சொத்தென்று நிற்கும். இதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். கண்ணுக்குச் சந்தேகம் வந்த இடத்தில் காதையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

வாயின் முன்விளிம்பு நேராக இருக்கிறதா? தடித்த அலகு போடுவதற்காக யாராவது அரம் போட்டு அகட்டியிருப்பார்கள். அகட்டிய வாயைச் சுருக்க வழி கிடையாது. முரட்டு வேலை செய்யும் 5ஆம் எண்ணில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மெல்லிய சுருள் எடுக்க வேண்டிய 4ஆம் எண்ணில் வாய் அகன்றிருந்தால், மரத்தின் இழை அலகுக்கு முன்னாலேயே பிய்ந்துகொண்டு வரும்.

அடுத்து அடியின் மட்டம். இதற்காக அதிகம் கவலைப்படுகிறவர்கள் புதியவர்கள்தான். அடி முழுக்கக் கண்ணாடிபோல இருக்கத் தேவையில்லை. முன்முனை, வாயைச் சுற்றிய இடம், பின்முனை மூன்றும் ஒரே மட்டத்தில் இருந்தால் போதும். நடுவில் கொஞ்சம் குழி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அலகைப் போட்டு, லீவர் கேப்பை வேலை நேரத்தில் இருப்பதுபோல அழுத்திவிட்டு, அலகு நுனியை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். அந்த அழுத்தத்தில் உடல் லேசாக வளையும். வளைந்த நிலையில் பார்ப்பதுதான் உண்மை மட்டம். ஒரு 4ஆம் எண்ணில் வாயருகே சாதாரணக் காகிதம் நுழையும் இடைவெளி, அதாவது சுமார் 0.1 மில்லிமீட்டர் இருந்தால், கண்ணாடிமேல் உப்புத்தாள் ஒட்டி ஒரு மாலை முழுக்கத் தேய்க்கத் தயாராக இருங்கள். அதைவிட மோசம் முறுக்கு. முன்முனையில் ஒரு குட்டையான நேர்குச்சியும் பின்முனையில் இன்னொன்றும் குறுக்கே வைத்து, கண்ணை இறக்கிப் பாருங்கள். இரண்டும் இணையாக இல்லாமல் ஒன்று சரிந்து தெரிந்தால் உடல் முறுக்கிக்கொண்டிருக்கிறது. தேய்த்துச் சரிசெய்யலாம் என்று யார் சொன்னாலும் விட்டுவிடுங்கள்.

திருகுகளைக் கட்டாயம் எண்ணிப் பாருங்கள். இங்கே ஒரு சங்கடம் உண்டு. கைப்பிடி, குமிழ், ஃபிராக் ஆகியவற்றைப் பிடிக்கும் திருகுகள் 12ஆம் எண், அங்குலத்துக்கு 20 மரை. லீவர் கேப்பின் நடுத்திருகு 9/32 அங்குலம், 24 மரை. இந்த அளவுகள் ஊர் ஹார்டுவேர் கடையில் கிடையாது. ஒரு திருகு குறைந்தாலும் அதற்காகச் செத்துப்போன இன்னொரு இழைப்புளியை வாங்கி உறுப்பு கழற்ற வேண்டி வரும். கிடைக்கிற திருகை முறுக்கி ஏற்றி மரையைக் கெடுத்த உடல்களும் நிறையச் சந்தைக்கு வருகின்றன. பித்தளைச் சக்கரத்தில் இருப்பது இடது மரை. இது தெரியாமல், துருப்பிடித்து இறுகிய சக்கரத்தை வழக்கமான திசையில் பலங்கொண்ட மட்டும் திருகியிருப்பார்கள். வலப்புறம் திருப்பினால் அலகு வெளியே வர வேண்டும். திசை மாற்றும்போது சக்கரம் அரைச் சுற்று, முக்கால் சுற்று சும்மா சுழன்றுவிட்டுத்தான் பிடிக்கும். பழைய ஸ்டான்லியில் அது குறையே இல்லை. எவ்வளவு சுற்றினாலும் அலகு அசையவில்லை என்றால் டார்ச் அடித்து ஃபிராக்கின் உள்ளே பாருங்கள். சக்கரத்துக்கும் அலகுக்கும் இடையில் இருக்கும் கவைக்கோல் ஒடிந்திருக்கும்.

அலகைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அது மாற்றக்கூடியது. அலகின் நடுவில் உள்ள நீளப் பிளவின் கீழ்நுனியிலிருந்து கூர்முனைவரை அரை அங்குலம்தான் மிச்சம் என்றால், முந்தைய ஆசாரி அதைச் சாணையிலேயே தேய்த்துத் தீர்த்துவிட்டார். அலகின் தட்டையான முதுகில், கூர்முனையை ஒட்டித் துரு தின்ற குழிகள் இருந்தால் எவ்வளவு தீட்டினாலும் முனை ரம்பம்போலத்தான் இருக்கும். இரண்டிலும் புது அலகின் விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள். இழைப்புளியையே ஒதுக்க வேண்டாம்.

துருவைக் கண்டு மிரளாதீர்கள். மேலாகப் படிந்த செந்துரு உங்களுக்குச் சகாயம் செய்கிறது. மற்றவர்களை விரட்டி விலையை இறக்கி வைத்திருக்கிறது. சிட்ரிக் அமிலக் கரைசலிலோ வினிகரிலோ ஒரு ராத்திரி ஊறப்போட்டு, கழுவி, உடனே துடைத்து எண்ணெய் பூசினால் போய்விடும். குழி விழுந்த துருதான் சிக்கல், அதுவும் அடியிலோ அலகு முதுகிலோ இருந்தால் மட்டும். துருவைவிட நான் சந்தேகப்படுவது புதுப் பெயின்டைத்தான். இந்த இழைப்புளிகளின் உட்புறக் கறுப்பு, தார்வகைப் பூச்சைச் சூட்டில் சுட்டு ஏற்றியது. ஓரங்களில் உதிர்ந்து, திட்டுத்திட்டாக நிற்பதுதான் அதன் இயல்பு. நூறு வயதான உடல் பளபளவென்று புதுக் கறுப்பில் வந்தால், வாயின் மூலைகளை இன்னொரு முறை பாருங்கள்.

மரப் பிடிகளில் கைப்பிடியின் மேல்கொம்பு ஒடிந்திருப்பது சர்வசாதாரணம். நடுவில் குறுக்காகப் பிளந்ததை ஒட்டிக்கொள்ளலாம். உங்கள் வேலையே மரவேலைதானே.

ஆண்டு கண்டுபிடிப்பது

இரும்பு தேறிவிட்டது என்றால் இப்போது வயதைப் பார்ப்போம். விலை பேச இது உதவும். ரோஜர் கே. ஸ்மித் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஸ்டான்லி பெய்லி இழைப்புளிகளை 1867 முதல் 1967 வரை இருபது வகைகளாகப் பிரித்து ஒரு பட்டியல் தந்திருக்கிறார். சந்தையில் ‘டைப் 11’, ‘டைப் 16’ என்று பேசுவதெல்லாம் அந்தக் கணக்கில்தான். பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். சில அடையாளங்கள் போதும்.

பக்க நெம்பே இல்லையென்றால் 1885க்கு முந்தையது. நெம்பு இருந்து, அலகைத் தொடும் முனையில் உருளும் வட்டத்தகடு இல்லையென்றால் 1885–88. பிறகு வந்தவற்றில் வட்டத்தகடு உண்டு. ஃபிராக்குக்குப் பின்னால் உடலின் தரையைப் பாருங்கள். அங்கே 1902ஆம் ஆண்டின் இரண்டு காப்புரிமைத் தேதிகள் மட்டும் வார்த்திருந்தால் 1902–1909. இதிலேயே ஃபிராக்கை முன்பின் நகர்த்தும் திருகு பின்னால் இருந்தால் 1907க்குப் பிந்தையது. 1910ஆம் ஆண்டுத் தேதியும் சேர்ந்து மூன்று இருந்தால் 1910–1918. இதுதான் பலரும் தேடி அலையும் டைப் 11. 1920களில் தேதிகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, 1930களில் தேதியே இல்லாமல் போய்விடும்.

முன்குமிழும் பேசும். 1919 வரை தாழ்ந்த உருண்டைக் குமிழ். பிறகு உயரமான குமிழ் வந்தது. பிடிக்கச் சுகம், ஆனால் அழுத்தத்தில் அடிவிளிம்பு சிம்பு சிம்பாகப் பெயர்ந்தது. அதைத் தடுக்கத்தான் 1929–30 வாக்கில் குமிழ் உட்காரும் இடத்தைச் சுற்றி உடலிலேயே ஒரு வளையம் வார்த்தார்கள். லீவர் கேப்பில் ஸ்டான்லி பெயர் வருவது 1925ஐ ஒட்டி. அதன் நடுத்துளை சாவித் துவாரம் மாதிரி இருந்தால் 1933க்கு முன், சிறுநீரக வடிவில் இருந்தால் அதற்குப் பின். இரண்டாம் உலகப் போர் ஆண்டுகளில் பித்தளைக்குத் தட்டுப்பாடு. சக்கரம் கறுத்த கெட்டி ரப்பரில் வந்தது, பிடிகளுக்கு ரோஸ்வுட்டுக்குப் பதில் சாயம் ஏற்றிய வேறு மரம், உடல் வார்ப்பு மட்டும் கனமாக. நீலப் பூச்சு என்றால் 1960கள்.

அலகில் அடித்த முத்திரையை வைத்து ஆண்டு சொல்கிறவர்களை நம்பாதீர்கள். இதயத்துக்குள் எஸ்.டபிள்யூ. என்று பொறித்த ‘ஸ்வீட்ஹார்ட்’ முத்திரைக்குத் தனி மவுசு உண்டு. 1920இல் ரூல் அண்ட் லெவல் கம்பெனி ஸ்டான்லி ஒர்க்ஸுடன் இணைந்தபின், அதன் நெடுநாள் தலைவர் வில்லியம் ஹார்ட்டின் பெயரை நினைவூட்டி வைத்த சின்னம் அது. 1935 வரை வந்தது. ஆனால் அலகு தேயும், மாற்றுவார்கள். 1950இல் செய்த உடலில் 1925ஆம் ஆண்டு அலகைப் போட்டு, முத்திரை தெரியும்படி படமெடுத்து ஏலத்தில் போட ஐந்து நிமிடம் போதும். வயதை உடலில் பாருங்கள், பிறகு ஃபிராக்கில், கடைசியாக அலகில். மூன்றும் மூன்று காலமாக இருந்தாலும் பயப்பட வேண்டாம். தொழிற்சாலையே மிச்சமிருந்த பழைய உறுப்புகளைப் புது உடலில் பூட்டி அனுப்பியிருக்கிறது. வேலை செய்ய வாங்குகிறவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. முழு விலை கேட்கிறவரிடம் எடுத்துச் சொல்ல நல்ல காரணம்.

இந்தப் பட்டியல் அமெரிக்கச் சரக்குக்கு மட்டும்தான். ஸ்டான்லி 1937இல் ஷெஃபீல்டில் ஒரு கம்பெனியை வாங்கி இங்கிலாந்திலும் செய்தது, கனடாவிலும் செய்தது. ‘மேட் இன் இங்கிலாண்ட்’, ‘மேட் இன் கனடா’ என்று இருந்தால் டைப் எண் சொல்லி விலை ஏற்றுகிறவருக்குத் தலையாட்டாதீர்கள்.

வேலைக்கு எது நல்லது? 1910 முதல் 1941 வரை எதை எடுத்தாலும் கெடுதி வராது. போர்க்காலத்து முரட்டுச் சரக்கைப் பார்வைக்கு அழகில்லை என்று சேகரிப்பவர்கள் தள்ளுவார்கள். அந்தக் கனம் கடினமான மரத்தில் கைகொடுக்கும், கிடைத்தால் விடாதீர்கள். 1950கள் பரவாயில்லை. அதற்குப் பின் வந்தவற்றில் வார்ப்பும் கடைசல் வேலையும் படிப்படியாக இறங்கின. ‘ஹேண்டிமேன்’ என்று பெயர் போட்டது ஸ்டான்லியே வீட்டுக்காரர்களுக்காக மலிவாகச் செய்த வரிசை. இலவசமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம்.

600 வரிசை

கன்னத்தின் மேல்விளிம்பு வளைந்து இறங்காமல் தட்டையாக வெட்டியதுபோல இருந்து, எண் 604, 605 என்று இருந்தால் சற்று நில்லுங்கள். அது பெட்ராக் வரிசை. கடைசி இலக்கம் அளவைச் சொல்லும். 604 என்றால் 4ஆம் எண்ணின் அளவு. சாதாரண பெய்லியில் ஃபிராக் சில இடங்களில் மட்டும் உடலைத் தொடும். பெட்ராக்கில் முழு அடியும் கடைந்த சரிவில் ஒட்டி உட்காரும். தட்டையான கன்னம் 1911 வாக்கில் வந்தது. அந்த அமைப்பில் அலகைக் கழற்றாமலே ஃபிராக்கை நகர்த்தி வாயைச் சுருக்கலாம். அதற்கு முந்தைய பெட்ராக்குகளின் கன்னம் மற்றவற்றைப் போலவே வளைந்திருக்கும் என்பதால் எண்ணைப் பார்க்காமல் தாண்டிவிடுவார்கள், விற்பவரும் சேர்த்து. 1981இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் தொடங்கிய லீ-நீல்சன் கம்பெனி இன்று விலை உயர்ந்த புது இழைப்புளிகளைச் செய்வது இந்த வடிவத்தைப் பின்பற்றித்தான். அதற்காகச் சாதாரண பெய்லியில் குறை கண்டுபிடிக்க வேண்டாம். நன்றாகத் தீட்டிய அலகு போட்ட 4ஆம் எண்ணிலிருந்து வரும் சுருளுக்கும் 604இலிருந்து வரும் சுருளுக்கும் மரம் வித்தியாசம் பார்ப்பதில்லை.

வேறு பெயர்கள்

பெயர் மோகம் இல்லாதவருக்கு இங்கேதான் லாபம். மில்லர்ஸ் ஃபால்ஸ் கம்பெனி 1929இல் இழைப்புளிக்கு வந்தது. நீளத்தையே எண்ணாக வைத்தது. அவர்களுடைய 9 என்பது ஸ்டான்லியின் 4, அவர்களுடைய 14 என்பது 5. இரண்டு துண்டாகக் கீல் போட்ட லீவர் கேப் இருந்தால் அவர்களுடைய நல்ல சரக்கு. சார்ஜென்ட் கம்பெனியும் அதே முறைதான், முன்னால் ஒரு 4 சேர்த்து: 409, 414. ஷெஃபீல்டின் ரெக்கார்ட் 1930களின் தொடக்கத்தில் பெய்லி வடிவத்தைச் செய்து, எண்ணுக்கு முன்னால் ஒரு சுழியம் போட்டது; 04, 05. அதன் நீலப் பூச்சு பிரிட்டன் சந்தைகளில் எங்கும் தென்படும். பழைய ரெக்கார்டுக்கு ஸ்டான்லியைவிட ஒரு மாற்றும் குறைவில்லை.

எஃகு உடலுக்குள் மரம் நிரப்பிய கனத்த பிரிட்டிஷ் இழைப்புளி கிடைத்தால், முன்பக்கத்தில் ‘ஸ்பியர்ஸ், அயர்’ என்றோ ‘நாரிஸ், லண்டன்’ என்றோ பொறித்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது வேலைக்கான விலையில் கிடைக்காது. மர உடல் கொண்டவற்றில் பெயர்கள் முன்முகத்தில் அடித்திருக்கும். பல பெயர்கள் இருந்தால் ஒன்று செய்தவருடையது, மற்றவை அடுத்தடுத்து வைத்திருந்தவர்களுடையது. செய்தவர் பெயர் அகலமாக, நடுவில், ஒரே அச்சில் ஆழமாக விழுந்திருக்கும். அமெரிக்கக் கருவி வரலாற்றில் மிகவும் மதிக்கும் அச்சுகளில் ஒன்று சீசர் செலர் என்பது. மாசசூசெட்ஸில் ஃபிரான்சிஸ் நிக்கல்சன் என்ற இழைப்புளித் தச்சரிடம் அடிமையாக இருந்து, 1753இல் அவர் இறந்தபோது விடுதலை பெற்று, சொந்தப் பெயரில் இழைப்புளி செய்து விற்ற கறுப்பினத்தவர் அவர்.

மறுபடி ஸ்டான்லிக்கு வந்தால், கைக்குள் அடங்கும் சின்ன இழைப்புளிகளில் 60½ எண் நல்ல வாங்கல். அலகு 12 பாகையில் படுத்திருக்கும். அதனாலேயே வாய்க்குப் பின்னால் இரும்பு காகிதமாக மெலிந்து, இறுக்கிப் பூட்டியவர்கள் கையில் பெயர்ந்திருக்கும். அந்த விளிம்பை மட்டும் பாருங்கள். காடி எடுக்கும் 78க்குப் பக்கவேலியும் ஆழத்தடையும் இருக்கிறதா, பலவேலை 45க்கு அலகுப்பெட்டி முழுசாக இருக்கிறதா என்று கேளுங்கள். உறுப்பு குறைந்த 45 வாங்கினால் உறுப்பு தேடுவதே உங்கள் பொழுதுபோக்காகிவிடும்.

இணையத்தில் வாங்கினால்

கையால் தொட முடியாத இடத்தில் படத்தைத்தான் தொட வேண்டும். விற்பவர் போட்டிருக்கும் அழகான பக்கவாட்டுப் படம் எதற்கும் உதவாது. இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: அடி முழுதும் ஒரே படத்தில், வாய் மட்டும் நெருக்கத்தில், அலகையும் கேப் அயர்னையும் பிரித்து, அலகின் முதுகு, ஃபிராக்கைக் கழற்றிய நிலையில் உடலின் உட்புறம், இரண்டு கன்னங்களும் வெளியிலிருந்து. ‘விரிசலோ ஒட்டுவேலையோ உண்டா’ என்று எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்கிக்கொள்ளுங்கள். திருப்பி அனுப்ப நேர்ந்தால் அதுதான் சாட்சி. ‘எனக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது, தாத்தா வைத்திருந்தது’ என்று பதில் வந்தால் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அப்படிச் சொல்கிறவரின் கடையில் இதே மாதிரி இருபது தாத்தாக்களின் கருவிகள் விற்பனைக்கு இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அஞ்சல் செலவை முதலிலேயே கணக்கிடுங்கள். ஒரு 4ஆம் எண் ஒன்றே முக்கால் கிலோ அளவில் இருக்கும். 8ஆம் எண் நான்கு கிலோவைத் தாண்டும். கடல் தாண்டி வரும்போது பொருளின் விலையைக் கூலி மிஞ்சுவது சாதாரணம். இந்தியாவுக்கு வரவழைத்தால் சுங்கமும் சேரும். போருக்கு முந்தைய ஸ்டான்லியின் பிடிகள் பலவும் பிரேசில் ரோஸ்வுட். அந்த மரம் 1992 முதல் அழியும் இனங்களுக்கான பன்னாட்டு ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. எல்லை தாண்டி அனுப்ப அனுமதிச் சீட்டு கேட்பார்கள். இரண்டு நாட்டு விதியையும் விசாரிக்காமல் பணம் கட்டாதீர்கள். எளிய வழி, பிடிகளைக் கழற்றிவிட்டு இரும்பை மட்டும் அனுப்பச் சொல்வது. அப்போதும் அவற்றைப் பிடித்திருந்த நீளத் தண்டும் பித்தளை நட்டும் பெட்டிக்குள் வந்தாக வேண்டும் என்று எழுதுங்கள். அவை 12ஆம் எண், 20 மரை. அலகைத் தனியாகக் கழற்றி அட்டையில் சுற்றி, உடலின் இரண்டு கன்னங்களுக்கும் நடுவே ஒரு மரக்கட்டையைப் பொருத்தி வைத்து, பெட்டிக்குள் அசையாமல் கட்டச் சொல்லுங்கள். பிடி இரண்டையும் இங்கேயே பூவரசிலோ வேம்பிலோ செதுக்கிக்கொள்ளலாம். தண்டு நுழையும் துளையை முதலில் போட்டுவிட்டு, அதன் பிறகு வடிவத்தை வெட்டுங்கள். வடிவம் வந்தபின் அந்த வளைவில் நேராகத் துளை போடுவது பெரும்பாடு.